கமாவுக்கு அடுத்து நிற்பது யார்? சென்டன்ஸ் கரெக்‌ஷனில் தொடக்க மாடிஃபையர் பிழையைப் பிடிப்பது எப்படி

ஆங்கிலம் நன்றாக வரும், பேப்பர் படிப்பார், மெயில் எழுதுவார், ஆனால் சென்டன்ஸ் கரெக்‌ஷன் கேள்வியில் மட்டும் மார்க் விட்டுக்கொண்டே இருப்பார். அடிக்கோடிட்ட பகுதி சரியா, இல்லாவிட்டால் அதற்குப் பதில் எந்த ஆப்ஷன் வர வேண்டும் என்று கேட்பதுதான் அந்தக் கேள்வி. இப்படிப்பட்டவர்கள் தவறவிட்ட கேள்விகளை எடுத்துப் பார்த்தால் அடிக்கடி ஒரே வகை வாக்கியம்தான் கண்ணில் படும். முதலில் ஒரு சிறு தொடர் இருக்கும், அதில் யார் செய்தது என்று இருக்காது, அப்புறம் ஒரு கமா, அதற்குப் பிறகு முழு வாக்கியம். அந்தத் தொடக்கத் தொடர்தான் மாடிஃபையர், வேறொரு சொல்லை விவரிக்க வருவது. படித்தால் பொருள் புரியும், காதுக்கும் உறுத்தாது. 'நோ இம்ப்ரூவ்மென்ட்' (திருத்தம் தேவையில்லை) என்று டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

இதைப் பாருங்கள்: "வாக்கிங் டு த ஸ்டேஷன், த ரெயின் ஸ்டார்டட்."

ஸ்டேஷனுக்கு நடந்து போகும்போது மழை பிடித்துக்கொண்டது என்கிறார், அவ்வளவுதானே? தமிழில் இதை யார் சொன்னாலும் ஒரு குறையும் இல்லை. ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்தின்படி ஸ்டேஷனுக்கு நடந்து போனது மழை. கமாவுக்கு அடுத்து எழுவாயாக நிற்பது 'த ரெயின்', ஆகவே முன்னால் இருக்கும் 'வாக்கிங்' நேராகப் போய் அதோடுதான் ஒட்டிக்கொள்ளும். சொல்ல வந்தது புரிகிறதா என்று பரீட்சை கேட்பதில்லை. அந்தத் தொடர் இலக்கணப்படி எந்தப் பெயரோடு சேர்கிறது என்றுதான் கேட்கிறது. இந்த இரண்டையும் மனதில் பிரித்து வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

செயலுக்கு உரியவர் வாக்கியத்தில் வேறெங்கோ இருந்து, சரியான இடத்தில் நிற்காவிட்டால் மிஸ்ப்ளேஸ்ட் மாடிஃபையர் என்பார்கள். மேலே உள்ள மழை வாக்கியத்தைப் போல ஆளே இல்லாவிட்டால் டேங்ளிங் மாடிஃபையர். பெயரைக் கேட்டு எந்தத் தேர்விலும் மார்க் கொடுக்கப் போவதில்லை, இரண்டையும் பிடிக்கிற வழியும் ஒன்றுதான், அதனால் பெயரை விட்டுவிட்டு மேலே போவோம்.

நம் காது ஏன் இதைப் பிடிப்பதில்லை

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரியாமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்தால் பரீட்சை அவசரத்தில் பழைய பழக்கமே திரும்பி வந்துவிடும்.

தமிழிலும் கிட்டத்தட்ட இதே விதி உண்டு. 'செய்து' என்னும் வாய்பாட்டில் வரும் வினையெச்சம் தன் வினைமுதலின் (செயலைச் செய்தவரின்) வினையைக் கொண்டே முடியும் என்கிறது தொல்காப்பியம். 'குமரன் வந்து உட்கார்ந்தான்' என்றால் வந்ததும் குமரன், உட்கார்ந்ததும் குமரன். ஆனால் 'கால் முறிந்து விழுந்தான்' என்கிறோம். முறிந்தது கால், விழுந்தது ஆள். சினையின் (உறுப்பின்) வினை முதலோடு (அந்த உறுப்பை உடையவரோடு) போய் முடிவதைத் தொல்காப்பியமே ஏற்றுக்கொள்கிறது. 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்பதில் பெய்தது ஒன்று, நிறைந்தது இன்னொன்று. பேச்சு வழக்குக்கு வந்தால் இன்னும் தாராளம்: 'வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கதவு பூட்டியிருந்தது.' போனது யார், பார்த்தது யார் என்று வாக்கியத்தில் ஒரு எழுத்துகூட இல்லை, ஆனால் கேட்பவருக்கு ஒரு குழப்பமும் கிடையாது. கதவு வீட்டுக்குப் போனதாக யாரும் நினைக்கப் போவதில்லை.

இப்படி எழுவாயைச் சூழலிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும் பழக்கம் நமக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. ஆங்கில வாக்கியம் படிக்கும்போதும் மனம் அதைத்தான் செய்கிறது, விடுபட்ட ஆளை நாமே நிரப்பிவிடுகிறோம். ஆகவே இந்த ஒரு வகைக் கேள்வியில் 'படித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது' என்பதை நம்பாதீர்கள். ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் பேச்சில் இந்தப் பிழையைச் செய்கிறார்கள், கேட்பவர்கள் புரிந்துகொள்கிறார்கள். கேள்வி எழுதுகிறவர் அதை வைத்துத்தான் வலை விரிக்கிறார்.

என்ன செய்ய வேண்டும்

ஆப்ஷன்களைப் பார்ப்பதற்கு முன்னால், கமா வரைக்கும் மட்டும் படித்து நிறுத்துங்கள். அந்தத் தொடரைப் பார்த்து 'யார்?' அல்லது 'எது?' என்று கேளுங்கள். ஸ்டேஷனுக்கு நடந்தது யார்? 1887இல் பிறந்தது யார்? பனி மூடியிருந்தது எதை? பதில் உங்களுக்கே தெரியும், இல்லாவிட்டால் வாக்கியத்தின் மீதியில் இருக்கும். பிறகு கமாவுக்கு அடுத்து வரும் எழுவாய் அந்தப் பதில்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த ஆப்ஷன் முடிந்தது, அதன் பின்பாதி எவ்வளவு அழகாக இருந்தாலும் படிக்க வேண்டியதில்லை.

இந்த 'படிக்க வேண்டியதில்லை' என்பதுதான் பெரிய லாபம். பலரும் ஐந்து ஆப்ஷன்களையும் முழுக்க வாசித்து, எது நன்றாக ஒலிக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து நேரத்தை விடுகிறார்கள். ஒவ்வொரு ஆப்ஷனிலும் முதல் இரண்டு மூன்று சொற்களை மட்டும் மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் அங்கேயே விழுந்துவிடும்.

ஒன்றைச் செய்தே பார்ப்போம். வாக்கியம் இப்படித் தொடங்குகிறது: "யூஸிங் எ டெலஸ்கோப் ஹி ஹேட் பில்ட் ஹிம்செல்ஃப்," அதாவது, தானே கட்டிய தொலைநோக்கியைக் கொண்டு. கமாவுக்குப் பின் எது வர வேண்டும்?

ஏ: ஃபோர் மூன்ஸ் ஆர்பிட்டிங் ஜூபிட்டர் வேர் டிஸ்கவர்ட் பை கலிலியோ இன் 1610
பி: கலிலியோஸ் டிஸ்கவரி ஆஃப் ஃபோர் மூன்ஸ் ஆர்பிட்டிங் ஜூபிட்டர் கேம் இன் 1610
சி: இட் வாஸ் இன் 1610 தட் கலிலியோ டிஸ்கவர்ட் ஃபோர் மூன்ஸ் ஆர்பிட்டிங் ஜூபிட்டர்
டி: கலிலியோ டிஸ்கவர்ட் ஃபோர் மூன்ஸ் ஆர்பிட்டிங் ஜூபிட்டர் இன் 1610
ஈ: கலிலியோ, டிஸ்கவரிங் ஃபோர் மூன்ஸ் ஆர்பிட்டிங் ஜூபிட்டர் இன் 1610

தொலைநோக்கியைப் பயன்படுத்தியது யார்? கலிலியோ. ஏ ஆப்ஷனில் எழுவாய் வியாழனின் நான்கு நிலவுகள். நிலவுகள் தொலைநோக்கி வைத்துப் பார்க்கவில்லை, எனவே போயிற்று. கலிலியோ பின்னால் 'பை கலிலியோ' என்று வருகிறாரே என்று தோன்றும். வந்தால் போதாது, எழுவாயாக வர வேண்டும். பாசிவ் வாய்ஸ் வரும்போதெல்லாம் இதே கதைதான்: செய்தவர் வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளப்பட்டு, செய்யப்பட்ட பொருள் முன்னால் வந்து நின்றுகொள்ளும். 'இங்'கில் முடியும் தொடக்கம், கமா, அதன் பின் 'வாஸ்' அல்லது 'வேர்' போட்ட பாசிவ் என்று பார்த்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

பி ஆப்ஷன்தான் உண்மையான பொறி. முதல் சொல்லே கலிலியோவின் பெயர், கண் அங்கே நிம்மதியாகிவிடும். ஆனால் அது 'கலிலியோஸ்', அந்த 'எஸ்'ஸுக்கு முன்னால் அபாஸ்ட்ரஃபி இருக்கிறது. எழுவாய் கலிலியோ அல்ல, 'டிஸ்கவரி'. கண்டுபிடிப்பு தொலைநோக்கி கட்டவில்லை.

சி ஆப்ஷனில் எழுவாய் 'இட்'. இந்த 'இட்' யாரையும் குறிக்காது, இடத்தை நிரப்ப வந்த சொல். 'தேர் வாஸ்', 'தேர் வேர்' என்று தொடங்குவதும் அப்படித்தான். தொடக்கத் தொடருக்கு ஒரு உண்மையான பெயர் தேவை, நிரப்புச் சொல் போதாது.

மிச்சம் டி, ஈ. இரண்டிலும் கலிலியோ சரியான இடத்தில் நிற்கிறார். இங்கேதான் இன்னொரு சோதனை வருகிறது: ஈ ஆப்ஷனில் முற்றுவினையே கிடையாது. 'டிஸ்கவரிங்' என்பது எச்சம், வாக்கியம் முடியாமல் தொங்குகிறது. விடை டி. மாடிஃபையர் சரியாக இருப்பது முதல் வடிகட்டிதான். அதைத் தாண்டி இரண்டு ஆப்ஷன் தங்கினால் வினை இருக்கிறதா, காலம் பொருந்துகிறதா, ஒருமை பன்மை சரியா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

அபாஸ்ட்ரஃபியைப் பற்றி இன்னும் கொஞ்சம்

இந்தப் பொறியில் விழுபவர்கள் அதிகம் என்பதால் இங்கே நின்று போவோம்.

"பார்ன் இன் ஈரோடு இன் 1887, ராமானுஜன்ஸ் தியரம்ஸ் ஆர் ஸ்டில் ஸ்டடீட் டுடே." ஈரோட்டில் பிறந்தது ராமானுஜன், வாக்கியத்தில் பிறந்தது அவருடைய தேற்றங்கள். தவறு. "பார்ன் இன் ஈரோடு இன் 1887, ராமானுஜன் ப்ரூவ்ட் தியரம்ஸ் தட் ஆர் ஸ்டில் ஸ்டடீட் டுடே" என்றால் சரி.

இதைக் கற்றுக்கொண்டதும் பலர் 'கமாவுக்கு அடுத்து அபாஸ்ட்ரஃபி வந்தால் தப்பு' என்று ஒரு குறுக்கு விதி போட்டுக்கொள்கிறார்கள். அது ஆபத்து. இதைப் பாருங்கள்: "பார்ன் இன் 1877, ராமானுஜன்ஸ் மென்டார் ஜி. எச். ஹார்டி டாட் அட் கேம்பிரிட்ஜ்." இங்கே 1877இல் பிறந்தது யார்? ஹார்டி. எழுவாயின் தலைச்சொல், அதாவது அடைமொழிகளை நீக்கினால் மிஞ்சும் முக்கியப் பெயர், எது? அதுவும் ஹார்டிதான். 'ராமானுஜன்ஸ் மென்டார்' என்பது அவருக்கு முன்னால் வந்த அடைமொழி. வாக்கியம் சரி. ஆகவே கமாவுக்கு அடுத்த முதல் சொல்லைப் பார்க்காதீர்கள், எழுவாயின் தலைச்சொல்லைப் பாருங்கள். 'தி இட்டாலியன் அஸ்ட்ரானமர் கலிலியோ' என்று வந்தாலும் தலை கலிலியோதான், முன்னால் எத்தனை அடைமொழி இருந்தாலும் கவலையில்லை. எதிர்ப்பக்கம், 'த டிஸ்கவரீஸ் ஆஃப் கலிலியோ' என்று வந்தால் தலை 'டிஸ்கவரீஸ்'. பெயர் கண்ணில் பட்டாலும் 'ஆஃப்'புக்குப் பின்னால் ஒளிந்திருப்பவர் எழுவாய் ஆகமாட்டார்.

எந்தெந்த உருவத்தில் வரும்

'இங்'கில் தொடங்கும் வகையைப் பார்த்துவிட்டோம். 'ஹேவிங்' சேர்ந்து வந்தாலும், 'ஆஃப்டர்', 'பிஃபோர்', 'வைல்', 'வென்', 'பை', 'ஆன்' இவற்றில் ஒன்று முன்னால் வந்து அதோடு 'இங்' வந்தாலும் அதே சோதனைதான். 'பார்ன்', 'பில்ட்', 'ஃபவுண்டட்', 'கவர்ட்' போன்ற பாஸ்ட் பார்டிசிபிளில் தொடங்கும் வகையில் கேள்வி 'எது கட்டப்பட்டது, யார் பிறந்தது' என்று மாறும், வழி மாறாது. "ஓபன்ட் இன் 1914, எஞ்சினியர்ஸ் பில்ட் த பாம்பன் பிரிட்ஜ் அக்ராஸ் த ஸீ" என்றால் 1914இல் திறக்கப்பட்டது எஞ்சினியர்கள் என்று ஆகிவிடும். "ஓபன்ட் இன் 1914, த பாம்பன் பிரிட்ஜ் லிங்க்ட் ராமேஸ்வரம் டு த மெயின்லேண்ட்" என்பது சரி.

பெயர்ச்சொல் தொடராகவே தொடங்குவதும் உண்டு. "த ஃபர்ஸ்ட் உமன் டு வின் எ நோபல் பிரைஸ், மேரி க்யூரிஸ் ஒர்க் ஆன் ரேடியோஆக்டிவிட்டி…" என்று ஆரம்பித்தால், 1903இல் நோபல் வாங்கிய முதல் பெண் 'ஒர்க்' ஆகிவிட்டது. இந்த வகையில் வினையே இல்லாததால் நிறையப் பேர் இதை மாடிஃபையர் என்றே கவனிப்பதில்லை.

'டு' போட்டுத் தொடங்குவதில் நம்மவர்களுக்கு இன்னும் சிரமம். "டு கெட் எ குட் ஸ்கோர், டெய்லி பிராக்டிஸ் இஸ் நெசசரி." நல்ல மார்க் வாங்க தினமும் பயிற்சி தேவை, தமிழில் அச்சு அசலாக இப்படித்தான் சொல்வோம். பேச்சு ஆங்கிலத்திலும் இது கண்டுகொள்ளப்படாமல் போய்விடும். ஆனால் கண்டிப்பான தேர்வு ஆங்கிலத்தில், மார்க் வாங்க விரும்புவது யார் என்று கேட்டால் 'பிராக்டிஸ்' என்று பதில் வரக்கூடாது. "டு கெட் எ குட் ஸ்கோர், எ ஸ்டூடன்ட் மஸ்ட் பிராக்டிஸ் டெய்லி" என்ற ஆப்ஷன் பக்கத்திலேயே இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும்.

'லைக்', 'அன்லைக்' இரண்டும் தனி ரகம். அங்கே கேட்க வேண்டியது யார் செய்தது என்று அல்ல, எதை எதோடு ஒப்பிடுகிறது என்று. "அன்லைக் தி எர்த், த ரொட்டேஷன் ஆஃப் வீனஸ் இஸ் ஃப்ரம் ஈஸ்ட் டு வெஸ்ட்" என்பதில் பூமியை ஒரு சுழற்சியோடு ஒப்பிட்டுவிட்டார்கள். கிரகத்தைக் கிரகத்தோடு வைக்க வேண்டும்: "அன்லைக் தி எர்த், வீனஸ் ரொட்டேட்ஸ் ஃப்ரம் ஈஸ்ட் டு வெஸ்ட்." பழைய ஜிமேட் (எம்பிஏ நுழைவுத் தேர்வு) கேள்விகளில் இது திரும்பத் திரும்ப வரும்.

அப்புறம் 'ஆஸ்'. "ஆஸ் எ சைல்ட், மை கிராண்ட்மதர் டோல்ட் மி ஸ்டோரீஸ்." பாட்டி குழந்தையாக இருந்தபோது எனக்குக் கதை சொன்னாளாம். "வென் ஐ வாஸ் எ சைல்ட்" என்று மாற்றினால் தீர்ந்தது.

அடிக்கோடு தொடக்கத்தில் இருந்தால்

இதுவரை பார்த்ததில் தொடக்கம் நிலையாக இருந்தது, கமாவுக்குப் பின் உள்ளதை மாற்றினோம். சில கேள்விகளில் தலைகீழாக வரும்: பின்பாதி மாறாது, தொடக்கத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். உதாரணத்துக்குப் பின்பாதி "எ மோல்ட் ஹேட் ஆல்ரெடி கன்டாமினேட்டட் ஒன் ஆஃப் ஹிஸ் பிளேட்ஸ்" என்று இருக்கிறது, அதாவது ஒரு தட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. ஃப்ளெமிங் பெனிசிலினைக் கண்டுபிடித்த கதை, 'ஹிஸ்' என்பது அவர்தான். தொடக்கத்துக்கான ஆப்ஷன்களில் "ரிட்டர்னிங் ஃப்ரம் ஹாலிடே இன் 1928", "ஹேவிங் ரிட்டர்ண்ட் ஃப்ரம் ஹாலிடே இன் 1928", "ஆன் ரிட்டர்னிங் ஃப்ரம் ஹாலிடே இன் 1928", "வென் ஃப்ளெமிங் ரிட்டர்ண்ட் ஃப்ரம் ஹாலிடே இன் 1928" என்று நான்கு.

முதல் மூன்றும் வெவ்வேறாகத் தெரிந்தாலும் ஒரே குறைதான்: விடுமுறை முடிந்து திரும்பியது பூஞ்சை என்று ஆகிறது. நான்காவதில் 'ஃப்ளெமிங் ரிட்டர்ண்ட்' என்று தனி எழுவாயும் தனி வினையும் இருக்கின்றன. சொந்த எழுவாயும் வினையும் உள்ள தொடருக்குப் (ஆங்கிலத்தில் கிளாஸ்) பக்கத்து எழுவாய் தேவையில்லை, பிழையும் வராது. பின்பாதியைத் தொட முடியாத கேள்வியில் தொடக்கத்துக்கு ஒரு எழுவாய் கொடுக்கும் ஆப்ஷனை முதலில் தேடுங்கள்.

பிழை இல்லாததைப் பிழை என்று சொல்லிவிடாதீர்கள்

விதி புதிதாகக் கைக்கு வந்ததும் எல்லாவற்றிலும் அதைப் போட்டுப் பார்க்கத் தோன்றும். 'நோ எர்ரர்' என்பது சரியான விடையாக இருக்கும் கேள்விகளில் அப்படித்தான் மார்க் போகிறது. அதனால் விலக்குகளையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

"இன் 1969," "டியூரிங் த வார்," "அட் த ஸ்டேஷன்," இவை காலமும் இடமும் சொல்பவை. யார் என்று கேட்க இங்கே ஒன்றுமில்லை, என்ன எழுவாய் வந்தாலும் சரி.

"ஜெனரலி ஸ்பீக்கிங்", "கன்சிடரிங்", "ரிகார்டிங்", "அக்கார்டிங் டு", "ஜட்ஜிங் ஃப்ரம்" போன்றவை 'இங்'கில் இருந்தாலும் வழக்கில் நிலைபெற்றுவிட்டவை. "கன்சிடரிங் ஹிஸ் ஏஜ், த பெர்ஃபார்மன்ஸ் வாஸ் குட்" என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 'பேஸ்ட் ஆன்' மட்டும் இந்தப் பட்டியலில் சேராது. கண்டிப்பான தேர்வுகள் அதைச் சாதாரண மாடிஃபையராகவே நடத்தும், எது அதை அடிப்படையாகக் கொண்டிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

தனக்கென்று ஒரு பெயரைச் சேர்த்துக்கொண்டு வரும் தொடரும் உண்டு. "த வெதர் பீயிங் ஃபைன், வி வென்ட் அவுட்." 'த வெதர்' என்ற சொந்தப் பெயர் இருப்பதால் 'வி' அதோடு பொருந்த வேண்டியதில்லை. எஸ்எஸ்சி (மத்திய அரசுப் பணித் தேர்வு), வங்கித் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் இதன் ஜோடியைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள்: "பீயிங் எ ரெயினி டே, வி ஸ்டேய்ட் அட் ஹோம்." இது தவறு, ஏனென்றால் மழை நாளாக இருந்தது நாங்கள் என்று ஆகிறது. "இட் பீயிங் எ ரெயினி டே, வி ஸ்டேய்ட் அட் ஹோம்" என்றால் சரி. ஒரு 'இட்' முன்னால் வந்ததும் எல்லாம் ஒழுங்காகிவிடுகிறது. 'பீயிங்' என்று வாக்கியம் தொடங்கினால் அரை நொடி நிறுத்தி இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, கமாவே இல்லாமல் வரும் தலைகீழ் வாக்கியம்: "ஸ்டாண்டிங் அட் த கேட் வாஸ் எ டால் மேன்." இதில் எழுவாய் கடைசியில் வருகிறது, 'வாஸ் ஸ்டாண்டிங்' என்ற வினையின் ஒரு துண்டுதான் முன்னால் வந்திருக்கிறது. சரியான வாக்கியம்.

எந்தத் தேர்வில் எப்படி

ஜிமேட்டுக்குத் தயாராகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 2023 நவம்பரில் அறிமுகமான புதிய ஜிமேட்டில் சென்டன்ஸ் கரெக்‌ஷன் பகுதியே இல்லை. பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு அதற்கென்று மாதக்கணக்கில் உட்கார வேண்டாம். ஆனால் மற்றத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு அந்தப் பழைய ஜிமேட் கேள்விகளைவிட நல்ல பயிற்சி கிடைப்பது அரிது, பொறிகள் அவ்வளவு நுணுக்கம். அதில் முதல் ஆப்ஷன் எப்போதும் கொடுத்த வாக்கியமே, ஆகவே கொடுத்ததில் மாடிஃபையர் தவறு என்று தெரிந்ததும் முதல் ஆப்ஷனைப் படிக்காமலே அடித்துவிடலாம்.

எஸ்ஏடி (அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் தேர்வு) இப்போது முழுக்கக் கம்ப்யூட்டரில். ரீடிங் அண்ட் ரைட்டிங் பகுதியில் 64 நிமிடத்தில் 54 கேள்வி. இங்கே அடிக்கோடு கிடையாது, கமாவுக்கு அடுத்து கோடிட்ட இடம் இருக்கும், நான்கு ஆப்ஷனும் வெவ்வேறு பெயரில் தொடங்கும். அதைப் பார்த்ததுமே இது மாடிஃபையர் கேள்வி என்று முடிவு கட்டலாம். கலிலியோ உதாரணத்தில் செய்ததைப் போல நான்கு தலைச்சொற்களையும் ஓட்டினால் போதும், இருபது நொடிகூடத் தேவைப்படாது, மிச்ச நேரத்தை நீளமான ரீடிங் கேள்விக்குக் கொடுங்கள்.

எஸ்எஸ்சி சிஜிஎல் (பட்டதாரிகளுக்கான எஸ்எஸ்சி தேர்வு) முதல் கட்டத்தில் 25 ஆங்கிலக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 மார்க், தவறினால் 0.50 போகும். இந்த வகை 'ஸ்பாட் த எர்ரர்' என்றும் வரலாம், 'சென்டன்ஸ் இம்ப்ரூவ்மென்ட்' என்றும் வரலாம். ஸ்பாட் த எர்ரரில் ஒரு சங்கடம் உண்டு: வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பதால் தொடக்கம் ஒரு துண்டிலும் எழுவாய் அடுத்த துண்டிலும் போய்விடும், ஒவ்வொரு துண்டையும் தனியாகப் பார்த்தால் எதிலும் தப்பில்லை. எனவே துண்டுகளைச் சேர்த்து ஒரு முறை முழு வாக்கியமாகப் படித்துவிட்டுத்தான் தேட வேண்டும்.

கையில் வருவதற்கு

தினமும் பத்துக் கேள்வி போடுவதைவிட எனக்கு நம்பிக்கையான வழி வேறு. ஏதாவது ஒரு ஆங்கிலச் செய்தித்தாளில் கமாவுக்கு முன் இப்படித் தொடங்கும் வாக்கியங்களைத் தேடி, தொடக்கத் தொடரிலிருந்து எழுவாய்க்கு ஒரு அம்பு போடுங்கள், பென்சிலால் உண்மையாகவே போடுங்கள். சரியான வாக்கியங்களில் அம்பு போட்டுப் பழகிய கை, தவறான வாக்கியம் வந்ததும் தானாக நின்றுவிடும். கூடவே நீங்களே தவறாக ஒரு வாக்கியம் எழுதி, அதை இரண்டு விதமாகத் திருத்துங்கள்: ஒரு முறை எழுவாயை மாற்றி, இன்னொரு முறை தொடக்கத்துக்கு எழுவாய் கொடுத்து. பரீட்சையில் சரியான ஆப்ஷன் பெரும்பாலும் இந்த இரண்டு உருவத்தில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இப்போது இவற்றைச் செய்து பாருங்கள். பதிலை உடனே படிக்காமல், கமா வரை படித்து 'யார்?' என்று கேட்ட பிறகு கீழே வாருங்கள்.

"ஹேவிங் கம்ப்ளீட்டட் தி எக்ஸாம், தி ஆன்சர் ஷீட்ஸ் வேர் ஹேண்டட் ஓவர் டு தி இன்விஜிலேட்டர்."
"த ஸ்பீச் ஹேவிங் எண்டட், த க்ரவுட் லெஃப்ட்."
"கவர்ட் வித் ஸ்னோ, த டிரைவர் குட் நாட் ஸீ த ரோட்."
"டு ரீச் த சம்மிட் பிஃபோர் டார்க், த க்ளைம்பர்ஸ் லெஃப்ட் அட் டான்."
"வென் ஒன்லி சிக்ஸ் இயர்ஸ் ஓல்ட், மொஸார்ட்ஸ் ஃபாதர் டுக் ஹிம் டு வியன்னா."

முதலாவது தவறு, பரீட்சை எழுதியது விடைத்தாள்கள் அல்ல. அதோடு பாசிவையும் கவனித்திருப்பீர்கள். "ஹேவிங் கம்ப்ளீட்டட் தி எக்ஸாம், த ஸ்டூடன்ட்ஸ் ஹேண்டட் ஓவர் தி ஆன்சர் ஷீட்ஸ்" என்று வர வேண்டும். இரண்டாவது சரி, 'த ஸ்பீச்' என்ற சொந்தப் பெயர் உள்ளே இருக்கிறது. மூன்றாவதில் பனி மூடியது டிரைவரை என்று ஆகிறது. "பிகாஸ் த ரோட் வாஸ் கவர்ட் வித் ஸ்னோ, த டிரைவர் குட் நாட் ஸீ இட்" என்று தொடக்கத்துக்கு எழுவாய் கொடுத்தால் முடிந்தது. நான்காவது சரி, சிகரம் ஏற நினைத்ததும் விடியலில் கிளம்பியதும் ஏறுபவர்கள்தான்.

ஐந்தாவதில் கொஞ்சம் நில்லுங்கள். ஹார்டி வாக்கியத்தைப் போலவே இங்கும் அபாஸ்ட்ரஃபிக்குப் பிறகு ஒரு மனிதர் தலைச்சொல்லாக நிற்கிறார், ஒரு மனிதருக்கு ஆறு வயது இருந்ததும் சாத்தியமானதுதான், ஆகவே கண் எளிதாக ஏமாறும். ஆறு வயது யாருக்கு? 1756இல் பிறந்து 1762இல் வியன்னாவுக்குப் போனது மொஸார்ட், வாக்கியத்திலோ ஆறு வயது அப்பாவுக்குப் போய்விட்டது. திருத்தம்: "வென் மொஸார்ட் வாஸ் ஒன்லி சிக்ஸ் இயர்ஸ் ஓல்ட், ஹிஸ் ஃபாதர் டுக் ஹிம் டு வியன்னா."